காசு குடுத்தாச்சு

மூன்றாம் நாள் காலை, பஃபே. ஏழு வயது மகளின் தட்டில் இரண்டு பான்கேக், ஒரு குரோசான், தர்பூசணி நாலு துண்டு, சாக்லேட் ஊற்றிய ஏதோ ஒன்று. எல்லாவற்றிலும் ஒவ்வொரு கடி. "போதும்ப்பா, குளத்துக்குப் போலாம்" என்று எழுந்தவள் தட்டைப் பார்த்துத் தயங்கினாள். "இதெல்லாம் வீணாப் போயிடுமா?"

நான் சொன்னேன்: "விடு பாப்பா, காசு குடுத்தாச்சு."

வீட்டில் ரசம் சாதத்தில் ரெண்டு வாய் மிச்சம் வைத்தால் லெக்சர் அடிக்கிற ஆள் நான். அந்த ஆளுக்கு மூன்று நாளில் என்ன ஆயிற்று? இந்தக் கட்டுரை அந்த ரெண்டு வார்த்தைக்கு எதிரானது. அதாவது, முதலில் எனக்கு எதிரானது.

இடம் மாலத்தீவு. ஒரு சின்னத் தீவு முழுக்க ஒரே ரிசார்ட். மே மாதம் அங்கே மழைக்காலம் தொடங்குகிறது, விலை இறங்குகிறது. நம்மூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை; நானும் மகளும் மட்டும் போனோம். நாலு ராத்திரிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். இறங்கியதும் மணிக்கட்டில் நீலப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் பர்ஸைத் தொட வேண்டாம். எதற்கும் "வேண்டாம்" என்று சொல்லவும் வேண்டாம். ஐஸ்க்ரீமா, எடுத்துக்கோ. இன்னொன்றா, எடுத்துக்கோ. ஒரு அப்பனுக்கு இதைவிடப் பெரிய ஓய்வு கிடையாது என்று முதல் நாள் நிஜமாகவே நினைத்தேன்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கக் கதை அழகானது. 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், கடற்கரையில் கூடாரங்கள் அடித்துத் தொடங்கியது கிளப் மெட். போர் முடிந்து சில வருடங்களே ஆன ஐரோப்பா. காசையும் அந்தஸ்தையும் வாசலில் விட்டுவிட்டுச் சில நாட்கள் ஒன்றாக இருக்கலாம் என்பதுதான் கனவு. பிற்பாடு மதுவுக்குக்கூட நோட்டுக்குப் பதில் பாசிமணி கொடுத்தார்கள். ஊழியர்களில் ஒரு பகுதியினர் விருந்தினரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இன்று நான் போன மாதிரி இடங்களில் காசு இல்லாத ஏற்பாடு மட்டும் மிச்சமிருக்கிறது. அந்த மேஜை காணாமல் போய்விட்டது.

நான் மென்பொருள் எழுதுகிறவன். மறைப்பதுதான் என் தொழில். ஒரு பட்டனை அழுத்தினால் பின்னால் நாற்பது சர்வர் திணறுவது பயனருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அது மோசமான டிசைன். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த ரிசார்ட் நான் பார்த்ததிலேயே நேர்த்தியான மென்பொருள். மீனும் தேங்காயும் போக, சாப்பாட்டில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வருகிறது. தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் காய்கறி போவது பழைய வழக்கம். குடிநீர், கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. அதற்கான மின்சாரம் பெரும்பாலும் டீசலில். இதில் ஒன்றுகூட உங்கள் கண்ணில் படாது. விலை என்று ஒன்று இருந்தால், 'ஏன் இவ்வளவு?' என்று குழந்தை கேட்கும். பதிலில் கப்பல் வரும், ஆள் வருவார். பட்டை அந்தக் கேள்வியையே எடுத்துவிடுகிறது.

ஆனால் குழந்தைகள் நல்ல டெஸ்டர்கள். மூன்றாம் நாள் மாலை ஒரு சாம்பல் நாரையைத் துரத்திக்கொண்டு ஓடிய மகள், செடிவேலியின் இடுக்கில் தலையை விட்டுக் கத்தினாள்: "அப்பா, இங்க ஒரு ஊரு இருக்குப்பா!"

இருந்தது. ஜெனரேட்டர் சத்தம். கொடியில் வரிசையாக யூனிஃபார்ம்கள். நாலு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். "சார், அது ஸ்டாஃப் ஏரியா" என்று ஒருவர் மரியாதையாக எங்களைத் திருப்பி அனுப்பினார்.

மாலத்தீவின் முதல் ரிசார்ட் 1972இல் திறந்தது. அதிலிருந்து பல பத்தாண்டுகள் அந்த நாடு தெரிந்தே எடுத்த முடிவு இது: ஆள் வசிக்காத தீவுகளில் ரிசார்ட், மக்கள் வேறு தீவுகளில். 2009க்குப் பிறகுதான் ஊர் இருக்கும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் பெருகின. இன்றும் ரிசார்ட்டில் மது உண்டு, ஊர்த்தீவில் தடை. உலகத்தின் கண்ணில் 'ஊரே இல்லாத' ஒரு தீவில், என் மகள் ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் எங்கள் அறைக்கு வந்த ஹவுஸ்கீப்பிங் தம்பி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். துண்டை மடித்து யானை செய்துகொண்டிருந்தார். மகள் கேட்டாள்: "அண்ணா, அந்த ஊருல உங்க வீடு எது?" அவர் சிரித்தார். "வீடெல்லாம் இல்ல பாப்பா. ஆறு பேருக்கு ஒரு ரூம்." சொன்னவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "சாரி சார்."

என் மகளின் கேள்விக்குப் பதில் சொன்னதற்காக ஒரு மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் வாங்கிய பேக்கேஜில் அதுவும் அடக்கம்.

சரி, நீங்கள் சொல்லப் போவது தெரியும். 'நீ போகலைன்னா அவருக்கு வேலை ஏது?' உண்மை. அவர் அனுப்பும் பணத்தில் ஒரு வீடு ஓடுகிறது. ரிசார்ட்டுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. 'அந்தக் காலத்துல ஆச்சி வீட்டு லீவுதான்...' என்று நான் ஆரம்பிப்பேன் என்றும் எதிர்பார்ப்பீர்கள். மாட்டேன். ஆச்சி வீடும் ஆல்-இன்க்ளூசிவ்தான். முறுக்கு, மாம்பழம், மூன்று வேளைச் சோறு, எதற்கும் கணக்கில்லை. பில்லைக் கட்டியது அம்மாவும் பெரியம்மாவும். மே மாதம் முழுக்க இருபது பேருக்கு அடுப்படியில் வெந்தார்கள். மறைக்க அங்கே செடிவேலிகூட இல்லை, கண்ணெதிரே நடந்தது. அப்படியும் அம்மாவுக்கு ஒரு நாள்கூட விடுமுறை இருந்ததில்லை என்பது எனக்கு முப்பது வயதில்தான் உறைத்தது. ஏனென்றால் யாரும் சொல்லவில்லை. அம்மா நாலு ராத்திரி ரிசார்ட்டில் காலை நீட்டிப் படுத்தால் நான் கைதட்டுவேன்.

அதனால்தான் சொல்கிறேன்: கண்ணில் பட்டால் மட்டும் போதாது, யாராவது சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருவது பெற்றோரின் வேலை. சலிப்பூட்டும், லெக்சர் அடிக்கிற, விடுமுறையைக் கெடுக்கிற வேலை. ஒன்றரை லட்சம் கொடுத்து நான் வாங்கியது அந்த வேலையிலிருந்து ஓய்வு. கடலும் மணலும் கூட வந்த இலவசம். 'குழந்தையோட தரமான நேரம்' என்று நாம் போடும் ஸ்டேட்டஸுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது: நாலு நாள் ஒரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் தப்பிக்கும் வசதி. அந்த வசதியில் வளர்கிற பிள்ளை நாளை கேட்கவே கேட்காது. பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் வீட்டு வாசலுக்கு வரும் ஊரில் அதற்கான பயிற்சி ஏற்கெனவே தினமும் நடக்கிறது.

அடுத்த மே மாதமும் எங்கேயாவது போவோம். ரிசார்ட்டாகக்கூட இருக்கலாம். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. மாலத்தீவின் குப்பையில் பெரும்பங்கு திலஃபுஷி என்ற தீவுக்குப் போகிறது. 1990களின் தொடக்கத்தில் ஒரு காயலில் குப்பையைக் கொட்டிக் கொட்டியே உண்டாக்கிய நிலம் அது.

ஆமா பாப்பா, வீணாப் போயிடும். படகுல வந்தது குப்பையாகி படகுலயே போகும். காசு குடுத்தாலும் அப்படித்தான்.