ஆலைப்புறத்து இல்லங்களும் சில எளிய வழக்கங்களும்

இல்லறத்தைப் பற்றி நம் முன்னோர் வரைந்துவைத்தவை மிகப் பல. திருவள்ளுவர் இல்வாழ்க்கைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும், வீட்டிலுள்ளார் யாவரும் ஞாயிறு எழும்போது எழுவர், இருள் சூழ்ந்தபின் உறங்குவர் என்பதை அக்காலத்தார் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருந்தனர். ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை பரந்துகிடக்கும் ஆலைப்புறத்தில் அந்நியதி இன்று மாறிவிட்டது.

இராமாநுசர் அவதரித்த தலமென்று பெரிதும் அறியப்பட்ட அவ்வூரைச் சூழ்ந்து, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் வெளிவரத் தொடங்கியபின், கண்ணாடி, கைப்பேசி, டயர், மோட்டார் சைக்கிள் என்றின்னவற்றைச் செய்யும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. எந்திரம் உறங்காது, ஆதலின் அதனைப் பேணுவோர் முறைவைத்து விழித்திருத்தல் வேண்டும். இம்முறையையே தொழிலாளர் ஷிப்டு என்கின்றனர். ஒரு வீட்டில் தந்தைக்கு இராஷிப்டு, தாய்க்குக் காலைஷிப்டு, பிள்ளைகட்குப் பள்ளிக்கூடம். அடுத்த கிழமை இவ்வொழுங்கும் மாறும். இத்தகைய குடும்பம் தடுமாறாது நடத்தற்குச் சில எளிய வழக்கங்கள் போதுமென்பது எம் கருத்து. அவ்வழக்கங்கள் யாருடையவை என்பதிலேதான் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியுள்ளது.

முதற்கண் வேண்டுவது ஒரு மாதக் காலண்டர். அடுக்களைச் சுவரில் அதனை மாட்டி, யார்க்கு எந்நாள் எந்த ஷிப்டு என்பதை அவரவரே எழுதிவைத்துவிட்டால், 'இன்றைக்கு எத்தனை மணிக்கு வருவாய்?' என்று நாடோறும் எழும் வினாவும், அதன் வாயிலாக எழும் சிறு பூசல்களும் ஒழிந்துபோம். ஐடி கார்டு, சீருடை, சாவி முதலியவற்றை முன்னிரவே கதவோரத்தில் ஓரிடத்து வைத்தலும் அத்தகையதே. கம்பெனிப் பஸ் யார் பொருட்டும் காத்து நிற்பதன்று. ஞாயிற்றுக்கிழமை மாவரைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொள்வதைப் பற்றி யாம் எழுதப் புகுந்தால் தமிழ்ப்பெண்டிர் நகைப்பர். அஃது அவர்கள் எமக்குக் கற்பித்தது.

உறக்கத்தைப் பற்றியோ சற்று விரித்துரைத்தல் வேண்டும். இரவெல்லாம் நின்று உழைத்தவர் காலையில் வந்து படுக்கும் வேளையில் வீடு எவ்வாறு இருக்கின்றது? குக்கர் விசிலடிக்கின்றது, மிக்சி உறுமுகின்றது, மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் ஓடுகின்றது, எதிர்வீட்டுப் பாட்டியார் கீரைக்காரம்மாளோடு உரக்க விலை பேசுகின்றார். நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டென்றும், அது வெளிச்சத்தைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளுமென்றும் அறிவியலார் கூறுவர். அதன் உள்ளியக்கத்தை ஆராய்ந்தமைக்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவர் 2017-இல் நோபெல் பரிசு பெற்றனர். பகலுறக்கம் அக்கடிகாரத்துக்கு மாறானது. ஆதலின் குறுகியது, எளிதிற் கலைவது. அதனைக் காத்தற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சன்னலை மறைக்க ஒரு பழைய போர்வை. அவர் வருமுன்னரே அரைத்து முடித்தல். உறங்குகின்றார் என்பதை அண்டைவீட்டாரும் அறியக் கதவின் தாழ்ப்பாளிற் கட்டிய ஒரு துணித்துண்டு. இவை அமையும்.

தந்தை உறங்கும்போது, 'சத்தம் போடாதே, அப்பா தூங்குகிறார்' என்னும் சொல் வீடெங்கும் வழங்கக் கேட்கின்றோம். நன்று. தாய் இராஷிப்டு முடித்து வந்து கண்ணயரும்போது அச்சொல்லைச் சொல்பவர் யார்? அவரைத் தொட்டெழுப்பி, 'அம்மா, என் சட்டை எங்கே?' என்று வினவுவாரே மிகுதி. சட்டை அவர் தலைமாட்டிலா இருக்கின்றது?

இது வெறும் மனத்தாங்கலன்று. கணக்கும் இதனையே கூறுகின்றது. நடுவண் அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரி 289 நிமிடம். ஆடவர் செலவிடுவது 88 நிமிடம். ஆலைக்குச் சென்று எட்டு மணிநேரம் உழைக்கும் பெண் இந்நிமிடங்களை எங்கிருந்து பெறுவார்? உறக்கத்திலிருந்தே பெறுகின்றார். ஆகவே, நல்ல வழக்கங்கள் என்று பட்டியல் வகுத்து இல்லத்தரசியின் கையிற் கொடுத்துவிடும் நூல்களை யாம் ஐயுறுகின்றோம். அவை அவருடைய பாரத்தை ஒழுங்காக அடுக்கித் தருகின்றனவேயன்றி, இறக்கி வைக்கவில்லை. உண்டவர் தம் டிபன் பாக்ஸைத் தாமே அன்றிரவே கழுவிக் கவிழ்த்தல் என்னும் ஒரு வழக்கத்தை ஆடவரும் மைந்தரும் மேற்கொண்டால், அப்பட்டியலிற் பாதி தானே தேவையற்றுப் போகும்.

'அடுக்களை ஆண்மக்களுக்கு அழகோ?' என்பார்க்கு, நம் கிறித்துவ நண்பர்கள் நன்கறிந்த ஓர் இடத்தை நினைவூட்டுவோம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பின்மேல் மீனும், உடன் அப்பமும் வைத்து, இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்த சீடரை உண்ண அழைத்ததாக யோவான் எழுதுகின்றார். இராஷிப்டு முடித்தார்க்குக் காலையுணவு ஆக்கி வைத்த செய்கை அது என்று சொன்னால், எம் வேதபாட ஆசிரியர் எம்மைச் சினவார் என்று நம்புகின்றோம்.

அடுக்களை வேலை அற்பமானதென்று நினைப்பார் 2021 டிசம்பரை எண்ணிப் பார்க்கட்டும். பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியிலேதான் திறந்தது. கைப்பேசி செய்யும் பேராலையை நிறுத்திவிடும் வன்மை ஓர் அடுக்களையின் தூய்மையின்மைக்கு இருந்தது. பின்னர், 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதியைத் தமிழக அரசு திறந்தது. அங்கு வாழும் பெண்களிற் பலர் எம் வயதினர். பல ஊரினர் ஓரறையிற் கூடி, ஒருவர் உறங்க ஒருவர் எழுந்து, ஒருவர் பொருளை ஒருவர் தொடாது வாழப் பழகுகின்றனர். அவர்கள் மணம்புரிந்து புகும் வீடுகளில் இப்பழக்கத்திற் பாதியேனும் அறிந்த மணமகன் இருப்பானா என்பதே எம் கவலை.

வழக்கங்களால் ஆகாததும் ஒன்றுண்டு. 2023 ஏப்ரலில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வரை வேலை வாங்க இடந்தரும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுக்கவே, அதனைத் திரும்பப் பெற்றதாக மே முதல் நாளன்று முதலமைச்சர் அறிவித்தார். பன்னிரண்டு மணிநேரம் ஆலையிலும், மூன்று மணிநேரம் பஸ்ஸிலும் கழித்து வருவார்க்கு, எக்காலண்டரைச் சுவரில் மாட்டினும் எழுதுதற்கு அதிற் கட்டம் இராது.