மரம் வெட்டும் கூலியில் மிச்சம் பிடிக்கலாமா?

புரட்டாசி பிறந்து வானம் மூடத் தொடங்கியதும், எங்கள் எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவகை நோயாளிகள் வரத் தொடங்குகின்றனர். வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் வீட்டோரத்து மரத்தைக் கழித்துவிடலாம் என்று ஏறி, கிளையோடு கீழே வந்தவர்கள் அவர்கள். மருத்துவமனை இதழில் மரம் வெட்டுவதைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அந்த நோயாளிகளின் கட்டிலருகே ஒரு நாள் நின்றவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒருவரைப் பற்றி, அவர் இன்னார் என்று அறிய இயலாத அளவில், இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பட்டு நெசவாளர். பழைய ஓட்டு வீடு, கூடத்தில் குழித்தறி. கொல்லையில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் கிளையொன்று தறி இருந்த இடத்துக்கு நேர் மேலாக ஓட்டின்மீது சாய்ந்திருந்தது. மரம் வெட்டும் நிறுவனத்தார் வந்து பார்த்துச் சொன்ன தொகை குடும்பத்தாருக்கு அதிகமாகப் பட்டது. விறகுக் கடைக்காரர் ஒருவர், மரத்தைத் தாமே எடுத்துக்கொள்வதானால் கூலியே வேண்டாம் என்றார். அவர் அனுப்பிய ஆளுக்குத் துணையாக வீட்டுக்காரரும் மரத்தில் ஏறினார். இடுப்பில் கயிறில்லை. கால் ஊன்றிய கிளை உள்ளே செல்லரித்திருந்தது வெளியில் தெரியவில்லை.

மார்பு முதுகெலும்புகள் முடிந்து இடுப்பு முதுகெலும்புகள் தொடங்கும் இடத்தில் அவருக்கு எலும்பு நொறுங்கியிருந்தது. உயரத்திலிருந்து விழுவோருக்கு மிகுதியாக முறியும் இடம் அதுவே. தண்டுவடம் முடியும் இடமும் ஏறத்தாழ அதுவே. அறுவைச் சிகிச்சை செய்து எலும்பை நிலைநிறுத்தினோம். எலும்பு கூடியது, தண்டுவடம் கூடவில்லை. குழித்தறியில் அமர்ந்து நெய்பவர் மிதியைக் காலால் மிதித்தாக வேண்டும். தறியைக் காப்பாற்ற மரத்தில் ஏறியவரால் அதன்பின் அந்தத் தறியில் அமர இயலவில்லை. கோர்வைச் சேலையை ஒருவராகவே நெய்வது அரிது. துணைக்கு ஒருவர் உடனிருந்து கரைக்கான நாடாவை வீச வேண்டும். எனவே அன்றோடு இருவருடைய வேலை நின்றது. அவருடைய மனைவி தார் சுற்றுவதை விட்டுவிட்டு, இரண்டு மணிக்கொரு முறை கணவரைப் புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொண்டார்.

உயரத்தை மனிதர் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். இருபது அடி உயரம் என்பது மாடி வீட்டின் கைப்பிடிச் சுவரைவிடச் சற்றே அதிகம். அங்கிருந்து விழுபவர் ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தரையைத் தொடுகிறார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கிளையைப் பிடித்துக்கொள்ளலாம், தாவிக் குதிக்கலாம் என்ற எண்ணத்துக்கெல்லாம் அந்த ஒரு நொடியில் இடமில்லை. காலூன்றி விழுந்து குதிகால் எலும்பு மட்டும் முறிந்தது என்று வருபவருக்கும் நாங்கள் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பது இதனால்தான். உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எதிர்பாராக் காயங்களால் நேரும் இறப்புகளில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு.

இவற்றையெல்லாம் சொல்வதால் மரங்களையெல்லாம் வெட்டிவிடுங்கள் என்று நாங்கள் கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. ஒற்றை மாமரம் என்ற பொருளில் பெயர் பெற்ற ஏகாம்பரநாதர் வீற்றிருக்கும் ஊர் இது. இங்கே வேம்பு வெறும் மரமன்று, அம்மன். கோடரி வைக்குமுன் மரத்திடம் மன்னிப்புக் கேட்கும் மூத்தோர் இன்னும் நம் தெருக்களில் இருக்கின்றனர். அந்தத் தயக்கம் நல்லது. அதை நாம் இழந்துவிடக் கூடாது. பெரும்பாலான மரங்களுக்குத் தேவைப்படுவது அளவான கிளை கழிப்பு மட்டுமே. ஆனால் உண்மையிலேயே அபாயமாகிவிட்ட மரத்தைப் பக்தியின் பெயரால் விட்டுவைப்பதும், செலவுக்கு அஞ்சி ஆண்டுதோறும் தள்ளிப்போடுவதும் வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலும், 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரத்தருகே கரையேறிய மாண்டஸ் புயலும் சென்னையிலும் நம் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை மரங்களைச் சாய்த்தன என்பதை நாம் கண்டோம். காற்று நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை.

அபாயம் எது என்பதைக் கண்டறியச் சில அடையாளங்கள் உள்ளன. அடிமரத்தில் காளான் பூப்பது; தட்டினால் பொந்தின் ஒலி கேட்பது; இரு கவர்கள் பிரியும் இடத்தில் பிளவு காண்பது; சாய்வு அண்மையில் கூடியிருப்பது; சாய்வுக்கு எதிர்ப்புறத்து மண் புடைத்து மேலெழுவது. கால்வாய்க்காகவோ குழாய்க்காகவோ ஒரு பக்கத்து வேரை வெட்டிய மரமும், அடிவரை சிமெண்டு பூசி மூச்சடைக்கப்பட்ட மரமும் பார்ப்பதற்குப் பசுமையாக இருந்தாலும் பிடிப்பில்லாதவை. மயில்கொன்றை, முருங்கை ஆகியவற்றின் கிளைகள் எளிதில் முறிபவை. தெருவில் நிற்கும் மரம் நம்முடையதன்று. அதற்கு மாநகராட்சியை அணுகி முறையாக அனுமதி பெற வேண்டும். சந்தன மரம் நம் கொல்லையிலேயே நின்றாலும் வனத்துறையின் அனுமதியின்றித் தொடலாகாது.

மரம் போக வேண்டியதுதான் என்று முடிவானபின் எழும் கேள்வி, யாரை அழைப்பது என்பது. உரிய கருவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் உள்ள நிறுவனத்தையே அழைக்க வேண்டும். அதற்கான தொகையை வீட்டுச் சிகிச்சைச் செலவைப்போல் தவிர்க்கவியலாத செலவாகக் கருத வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனால் பெயர்ப்பலகையும் கைப்பேசி எண்ணும் மட்டுமே ஒன்றை நிறுவனமாக்கிவிடா. அழைத்தவரிடம் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள். நேரில் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தபின் தொகை சொல்கிறாரா, தொலைபேசியிலேயே சொல்கிறாரா? ஏறுபவருக்கு இடுப்பையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்பு பெல்ட்டும் தலைக்கவசமும் உண்டா? கிளைகளை மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து வடக்கயிற்றில் கட்டி இறக்குவார்களா, அப்படியே விழ விடுவார்களா? மேலே இருப்பவரைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்ள கீழே ஓர் ஆள் நிற்பாரா? வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டா? பக்கத்து வீட்டு ஓடு உடைந்தால் யார் பொறுப்பு? அடிக்கட்டையையும் தழையையும் யார் அகற்றுவது? இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நல்லது. காற்றிலும் மழையிலும் பொழுது சாய்ந்தபின்னும் வேலை கூடாது என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி அருகில் இருப்பின் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும். பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும். அலுமினிய ஏணியும் அவ்வாறே. கம்பியில் கிளை பட்டு அதிர்ச்சியுற்று விழுந்தவருக்கு இரண்டு விபத்துகள் ஒரே நேரத்தில் நேர்கின்றன. இதயமும் முதுகும் ஒருசேரப் பாதிக்கப்பட்டவரைக் காப்பது எங்களுக்கும் கடினம்.

விறகுக்கு ஈடாக இலவசமாக வெட்டித் தருகிறோம் என்று வருபவரைப் பற்றித் தனியே எச்சரிக்கத் தோன்றுகிறது. இலவசம் என்பது அங்கே உண்மையன்று. பெல்ட்டுக்கும் வடத்துக்கும் கீழே நிற்கும் ஆளுக்கும் காப்பீட்டுக்கும் ஆகும் செலவைக் கழித்துவிட்டுச் சொல்லப்படும் தொகை அது. அந்தச் செலவு மறைந்துபோவதில்லை. மரத்தில் ஏறும் கூலியாளின் உடலின்மீது ஏற்றப்படுகிறது. விழுந்தால் அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவக்கூடும். இழந்த நடையையும், நின்றுபோன வருமானத்தையும் எந்தத் திட்டமும் முழுமையாக ஈடு செய்வதில்லை.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுபவற்றை நாங்கள் அறியாமல் இல்லை. தலைமுறை தலைமுறையாக மரமேறுவோர் உள்ளனர். அவர்கள் பிழைப்பைக் கெடுக்கலாமா என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். மரமேறுவோரை விலக்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கயிறில்லாமல் ஏற்றாதீர்கள் என்றே சொல்கிறோம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் தென்னை ஏறுவோருக்குக் கருவியுடன் ஏறப் பயிற்சியளித்து வருகிறது. அவர்களுக்கென்று 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டையும் நடத்துகிறது. பழந்தொழில் பாதுகாப்போடு தொடரலாம் என்பதற்கு அது சான்று. நமக்குப் பழக்கமான மரமேறியையே அழைப்பதானாலும், பெல்ட்டுக்கும் துணையாளுக்கும் சேர்த்துக் கூலி கொடுப்போம். அவர் எனக்குப் பழக்கம், தேவையில்லை என்றாலும் வற்புறுத்துவோம். நாற்பது ஆண்டுகள் ஏறியவரையும் நாங்கள் கட்டிலில் கண்டிருக்கிறோம்.

பணமில்லை என்பது அடுத்த மறுப்பு. நெசவுத் தெருக்களில் அது பெரும்பாலும் உண்மை. அங்கே எங்கள் யோசனை இது. ஒரு மரம் சாய்ந்தால் பாதிக்கப்படுவது ஒரு வீடன்று. ஓட்டோடு ஓடு ஒட்டிய நான்கு வீடுகள். அந்த நான்கு வீட்டாரும் செலவைப் பகிரலாம். ஒரே நாளில் ஒரே தெருவில் இரண்டு மூன்று மரங்களைப் பார்க்கும்படி பேசினால் வண்டிக் கூலியும் கிரேன் வாடகையும் குறையும். புரட்டாசியில் அவசரமாக அழைப்பதைவிட, கோடையிலேயே பேசி முடித்தால் நிறுவனத்தாருக்கும் ஓய்வுண்டு. விலையும் நம் பக்கம் இருக்கும்.

நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு மட்டும் உரிய சில சொற்கள். மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பியிருப்பவர் இருந்தால், சிலிண்டருக்கு முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள்; அல்லது அவரை உறவினர் வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் மரத்தூள் பறக்கும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டா. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் அரிவாளையோ ரம்பத்தையோ தொட வேண்டா. சிறு வெட்டும் அவருக்குப் பெரிது. மரம் விழும் பக்கத்து அறையில் படுத்த படுக்கையாக உள்ள முதியவரை, ஒரு கிளைதானே என்று விட்டுவைக்காமல், வேலை முடியும்வரை வெளியே கொண்டுவந்து விடுங்கள்.

அத்தனைக்குப் பின்னும் ஒருவர் விழுந்துவிட்டால், முதல் சில நிமிடங்கள் உங்கள் கையில் உள்ளன. மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை நெருங்காதீர்கள். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள்; உட்கார வைக்காதீர்கள்; தண்ணீர் புகட்டாதீர்கள். அன்பின் மிகுதியால் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின்னிருக்கையில் மடித்துக் கிடத்தி அழைத்து வருவோர் பலர். முறிந்த எலும்பு அந்த மடிப்பில்தான் தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். 108-ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை தலையையும் கழுத்தையும் அசையாமல் இருபுறமும் பிடித்துக்கொண்டு, கால் விரல்களை அசைக்க முடிகிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள். அந்த விடை எங்களுக்கு மிகவும் பயன்படும்.

முதுகு முறிந்தோருக்கு வாழ்வே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமான மருத்துவர் மேரி வர்கீஸ், தாமே விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தபடி அறுவைச் சிகிச்சை செய்தவர். எங்கள் நெசவாளரும் இப்போது நூல் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறார். ஆனால் அந்த மன உறுதியை ஒரு குடும்பத்திடம் கேட்கும் நிலை, சில ஆயிரம் ரூபாய்க்காக வரக் கூடாது.

சென்ற முறை அவர் மறுபரிசோதனைக்கு வந்தபோது, அடுத்த தெருவில் ஒருவர் வேப்பமரம் வெட்ட ஆள் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். "என்னை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்று சொல்லி அனுப்பினேன்" என்றார். வந்து பார்த்தவர் நிறுவனத்தை அழைத்தாராம். எங்கள் கட்டுரையைவிட அவர் சொல்லுக்கு வலிமை அதிகம் என்பதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். இந்தப் புரட்டாசிக்குமுன் உங்கள் வீட்டு மரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.