மூச்சு வாங்குவது சோம்பல் அல்ல



"மலை ஏறும்போது மூச்சு வாங்குதுன்னு சொன்னா, வேலைக்கு டிமிக்கி குடுக்கிறேன்னு சொல்றாங்க." எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் மாதர் குழுக் கூட்டத்தில் சொன்ன வார்த்தை இது. ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். மூச்சு வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

நுரையீரலில் குறை இல்லாமலே மூச்சு விடும் பழக்கம் கெட்டுப்போவதுண்டு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள பெரிய தசைதான் மூச்சுக்கு முக்கிய வேலைக்காரன். நீண்ட நாள் இருமல், இழுப்பு, பயம், மனக்கவலை இவற்றால் சிலர் அந்தத் தசையை விட்டுவிட்டு, தோளையும் மேல் நெஞ்சையும் தூக்கி, வாயால் வேகமாக மூச்சு விடப் பழகிவிடுகிறார்கள். நோய் குணமான பிறகும் பழக்கம் போவதில்லை. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலை சுற்றும், விரல் நுனி விறுவிறுக்கும், காற்றுப் போதாதது போல் இருக்கும். அந்தப் பயத்தில் மூச்சு இன்னும் வேகமாகும்.

இதை மாற்ற உதவுபவர் பிசியோதெரபிஸ்ட். கை கால் முறிந்தவர்களுக்கு மட்டும்தான் அவர் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்து, வயிற்றுக் கை மட்டும் உயர மூக்கால் மெதுவாக மூச்சிழுத்து, அதைவிட மெதுவாக விடக் கற்றுத் தருவார். இறுகிய கழுத்தையும் தோளையும் தளர்த்துவார். மேடு ஏறும்போது நடைக்கு ஏற்ப மூச்சு விடவும் பழக்குவார். பலன் கிடைக்க வாரக்கணக்கில் தினமும் செய்ய வேண்டும்.

ஆனால் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை அவசியம். நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தக் குறைவாலும் மூச்சு வாங்கும். ஆஸ்துமாக்காரர்கள் பம்பை நிறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் உன் பழக்கம்தான் என்று நிர்வாகம் கை கழுவ விடக்கூடாது. லயத்துக் குசினியில் விறகுப் புகையும், தொழிற்சாலையில் தேயிலைத் தூசும் இருக்கும்வரை மூச்சுப் பயிற்சி பாதி மருந்துதான். புகைபோக்கியும் முகக்கவசமும் கேட்பது நம் உரிமை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனால் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடுகிறது. இலவச வைத்தியத்துக்கு ஒரு நாள் சம்பளத்தை விலையாகக் கொடுக்கிறோம். மூச்சு வாங்குபவர்களைத் தோட்ட டிஸ்பென்சரி கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும். கிளினிக் துண்டு காட்டினால் பேர் போட வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இந்த இரண்டையும் வைக்க வேண்டும்.

அந்த அக்கா சோம்பேறி அல்ல. அவருக்குத் தேவை ஏச்சு அல்ல, சிகிச்சை.