குதிரைப்படைக் கேப்டனுக்குக் கட்டிய கோயில்

டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியனைப் பற்றி நண்பர் சென்ற இதழில் பாடியிருக்கும் பரணியின் சாரம் இதுதான்: குதிரைக் காவற்படைக் கேப்டன் ஒருவர் வாள்வலியால் அரியணை ஏறினார், பிரஷ்யாவின் பிஸ்மார்க்கை நெஞ்சு நிமிர்த்தி எதிர்த்தார், பெண் கொடுத்தே ஐரோப்பாவை அமைதிப்படுத்தினார். சீருடைப் படம் தந்த கிறக்கத்தில் எழுதியிருக்கிறார், பாவம்.

வாள்வலியா? 1848 ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் போரில் அண்ணன் கார்ல் கலகக்காரர்களோடு சேர்ந்தபோதும் கிறிஸ்டியன் கோபன்ஹேகன் பக்கமே நின்றார். அந்த விசுவாசத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால், வாரிசில்லாத ஏழாம் பிரெடெரிக்குக்குப் பிறகு யார் என்ற கேள்வி எழுந்தபோது, மனைவி லூயிஸின் உறவினர்கள் தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்க, அவர் அதைக் கணவருக்கு மாற்றித்தர, 1852இல் லண்டனில் வல்லரசுகள் கையெழுத்திட, கிடைத்த மகுடம் அது. சீதனமாக வந்ததை வெற்றிப்பொருள் என்று எழுதக் கூச்சமாக இல்லையா?

அடுத்தது வீரம். 1863 நவம்பர் 15இல் மன்னரானவர், ஷ்லெஸ்விக்கை டென்மார்க்கோடு பிணைக்கும் அரசியல் சட்டத்தில் கையொப்பமிட்டது 18ஆம் தேதி. ஆபத்தை உணர்ந்து தயங்கினார். அமைச்சரவை விடவில்லை, தலைநகரத் தெருக்களும் கொதித்துக்கொண்டிருந்தன. பேனா பிடித்த கை நடுங்கியதோ என்னவோ, பிப்ரவரியில் பிரஷ்யாவோடு போர் வந்தது, ஏப்ரல் 18இல் டிப்போல் அரண் வீழ்ந்தது, அக்டோபரில் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பர்க் மூன்றும் கைவிட்டுப் போயின. இதுதான் பிஸ்மார்க்கை எதிர்த்த லட்சணம்!

இங்கே நண்பர், 'அமைச்சர்கள் சொன்னபடி நடந்த அரசியல் சட்ட மன்னர், அவர் என்ன செய்வார்?' என்று வக்காலத்து வாங்குகிறார். சரி, அப்படியே இருக்கட்டும். கீழவைப் பெரும்பான்மையை மதிக்காமல் 1885 முதல் 1894 வரை தற்காலிகச் சட்டங்களால் வரவுசெலவை ஓட்டிய பிரதமர் எஸ்ட்ரப்பை அதே மன்னர் தாங்கிப் பிடித்தாரே, அப்போது அந்தச் சட்டப்பற்று எந்த லாயத்தில் கட்டிக்கிடந்தது? தோல்வி என்றால் பொம்மை, பிடிவாதம் என்றால் சிங்கமா? 1901 கீழவைத் தேர்தலில் வலதுசாரிகள் 114 இடங்களில் எட்டே எட்டு பெற்ற பிறகுதான் மன்னர் இறங்கி வந்தார். கட்டுரையில் இந்த எட்டைக் காணோம். முடிசூடியவர்களின் பிடிவாதத்தை உறுதி என்று விற்க நினைப்பவருக்கு அது உறுத்தும்தானே.

பெண் கொடுத்த அமைதி? மகள் அலெக்சாண்ட்ராவை மணமுடித்த பிரிட்டன் 1864இல் ஒரு படகுகூட அனுப்பவில்லை. 1916இல் பேரன் ஐந்தாம் ஜார்ஜின் பிரிட்டன், பிரான்சோடு சேர்ந்து, இன்னொரு பேரன் கான்ஸ்டன்டைனின் கிரேக்கத்தைக் கடல்வழி முற்றுகையிட்டது. மறு ஆண்டே கான்ஸ்டன்டைன் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.