எப்ப மச்சான் பெரிய ப்ளேனு?

போன மாசம் நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் ஒரு தப்பு செய்தேன். பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன் இப்போது ஏடிஆர் விமானத்தில் கேப்டன். லீவுக்கு வந்தவனிடம், "எப்ப மச்சான் பெரிய ப்ளேனு?" என்று கேட்டேன். "நீ எப்ப மச்சான் மேனேஜரு?" என்றான் சிரித்துக்கொண்டே.

சுருக்கென்றது. பதினோரு வருஷமாகக் கோட் எழுதுகிறேன். அந்தக் கேள்வி, செய்கிற வேலையை வெறும் காத்திருப்பாக்கிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவனிடம் கேட்டேன்.

முதலில் நம்ம ஊரைப் பார்ப்போம். லாஸ்பேட்டை ஓடுபாதையின் நீளம் சுமார் 1500 மீட்டர். 2017-இல் உடான் திட்டத்தில் ஹைதராபாத்துக்குப் பறந்தது க்யூ400. 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் தொடங்கியது ஏடிஆர். இரண்டும் விசிறி வைத்த டர்போப்ராப். புதுச்சேரிக்கு சின்ன ப்ளேன்தான் ப்ளேன்.

அதை ஓட்டுவது என்ன சின்ன வேலையா? ஜெட் 35,000 அடிக்கு ஏறி, பெரும்பாலான மேகங்களைக் கீழே விட்டுவிடும். ஏடிஆரின் உச்சவரம்பே 25,000 அடி. ஐப்பசி வானத்தில் அது மேகங்களுக்கு நடுவே வழி தேடித்தான் போகணும். ஒரு மணி நேரத்துக்குள் ஏறி, பறந்து, இறங்கணும். தரையில் அரை மணி நேரம், மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு நாலு தடவை, சில நாள் ஆறு தடவை.

ஆனால் இந்தத் தொழில் தன்னை மணிநேரத்தில்தான் அளக்கிறது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி. கேப்டனுக்கான உரிமத்துக்கு 1500 மணி. ஒரு மணி நேரப் பயணங்களாகப் பறந்தால் அந்த 1500 மணியில் விமானம் 1500 தடவை தரையிறங்கியிருக்கும். பத்து மணி நேரப் பயணங்களாகப் பறந்தால் 150 தடவை. லாக்புக்கில் இரண்டுக்கும் ஒரே எண்.

சம்பளத்திலும் இதே கதை. நிலையான தொகைக்கு மேல், பறந்த மணிக்கு இவ்வளவு என்பதுதான் பரவலான முறை. விமானம் நகர்ந்ததிலிருந்து நிற்கும் வரைதான் அந்த மணி. இடையில் தரையில் போகும் அரை மணி நேரங்கள் அதில் வராது. ஆறு பயணம் என்றால் அப்படி ஐந்து அரை மணி.

டிஜிசிஏவுக்கு இது தெரியாமல் இல்லை. உள்நாட்டுப் பணிநேர விதியில் தரையிறக்கம் கூடக்கூட அனுமதிக்கப்பட்ட பணிநேரம் குறைகிறது. ஆக, உடம்பு தேயும் கணக்கில் தரையிறக்கம் உண்டு. கூலிக் கணக்கிலும் பதவிக் கணக்கிலும் இல்லை. என் சண்டை இங்கேதான்.

"ஜெட்டில் உயிர்கள் அதிகம், பொறுப்பும் அதிகம்" என்பீர்கள். சரி, ஏடிஆரில் 78 பேர், ஏ320-இல் 180 பேர். சம்பளம் கூடட்டும், தப்பில்லை. ஆனால் மணிநேரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் க்யூ400 தரையிறங்க வரும்போது விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். விசாரணை விமானிகளின் சோர்வையும் பேசியது. பிறகு வந்த சட்டத்தில் பெரிதாகப் பேசப்பட்டது, துணை விமானிக்கும் 1500 மணி வேண்டும் என்பது. அந்த விமானத்தில் இருந்த இருவருக்கும் அதைவிட அதிக மணிநேரம் ஏற்கெனவே இருந்தது!

இன்னொன்று. ஏடிஆர் கேப்டன் ஜெட்டுக்கு மாறினால் பெரும்பாலும் மறுபடி வலது சீட்டில், துணை விமானியாகத்தான் தொடங்கணும். கேப்டன் பட்டத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகிற அதற்குப் பேர் முன்னேற்றம். நம்ம மழையும் நம்ம குட்டை ஓடுபாதையும் கைக்குப் பழகினவன் கிளம்பிவிடுவான். அடுத்தவன் வந்து முதலிலிருந்து பழகுவான். சின்ன ஊர்களை யாரோ ஏறிப்போகும் படிக்கட்டாக வைத்திருக்கிறோம்.

தரையிறக்கத்துக்கும் கூலி கொடுங்கள். டர்போப்ராப் கேப்டனாகவே ஓய்வு பெறுவது கௌரவம் என்கிற மாதிரி சம்பள அடுக்கைக் கட்டுங்கள். அது நிறுவனங்கள் செய்ய வேண்டியது. நாம் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம், அந்தக் கேள்வியை நிறுத்துவது.

அடுத்த தடவை அவன் வந்தால், "நேத்து எத்தனை லேண்டிங் மச்சான்?" என்றுதான் கேட்கப் போகிறேன். டீ என் செலவு.