சிறு குளியலறையிலும் தாராளமாக நீராடலாம்



வைகறையில் நீராடி, தூய ஆடை உடுத்தி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு ஆலயம் செல்வது நம் தலைமுறையினரின் வழக்கம். கிணற்றடியிலும் குளத்திலும் கை வீசி நீராடியவர்கள் நாம். இன்றோ பிள்ளைகளின் அடுக்குமாடி இல்லங்களில், கையை நீட்டினால் சுவரில் இடிக்கும் குளியலறைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு மார்கழிக்குச் சில நாட்கள் முன்பு, 74 வயதான என் தமக்கையார் விடியுமுன் நீராடச் சென்று, ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். கதவு உட்புறமாகத் திறப்பது; அவரோ அதன் மேலேயே சாய்ந்து கிடந்தார். வெளியே நின்ற பிள்ளைகளால் ஒன்றும் செய்ய இயலவில்லை. பத்து நிமிடங்களுக்குப் பின் அவரே மெல்ல நகர்ந்து தாழை நீக்கினார். இறையருளால் எலும்பு முறியவில்லை. ஆயினும் அச்சம் நீங்கவில்லை. "இனி நன்றாக விடிந்த பிறகு, யாரேனும் அருகில் இருந்தால்தான் குளிப்பேன், தம்பி" என்றார். அறுபது ஆண்டுகளாக விடாத மார்கழி வழிபாடு அவ்வாண்டு நின்றுபோயிற்று.

அந்த அறையை நான் அளந்து பார்த்தேன். 5 அடி அகலம், 7 அடி நீளம். ஆக 35 சதுர அடி. குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 30 சதுர அடி வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. அதற்கு மேலாகவே இருந்தும் அறை நெருக்கியது. குறை அளவில் இல்லை, அமைப்பில் இருந்தது.

முதலில் கதவு. இரண்டரை அடிக் கதவு உட்புறமாகத் திறக்கையில் சுமார் 5 சதுர அடி இடத்தைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. அறையில் ஏழில் ஒரு பங்கு இவ்வாறே வீணாகிறது. தச்சரைக் கொண்டு அதை வெளிப்புறமாகத் திறக்குமாறு மாற்றினோம். வெளியே இடமில்லாத வீடுகளில் பக்கவாட்டில் நகரும் கதவு அமைக்கலாம். இடம் கிடைப்பதோடு, உள்ளே ஒருவர் விழுந்தாலும் கதவு தடைபடாது. தாழ்ப்பாளும், அவசரத்தில் வெளியிலிருந்து நாணயத்தைக் கொண்டு திருகித் திறக்கும் வகையில் இருக்கட்டும்.

அடுத்தது தரை. தரை எவ்வளவு தெரிகிறதோ, அவ்வளவு அறை பெரிதாகத் தோன்றும். தமக்கையார் வீட்டில் மூன்று வாளிகள், ஓர் அண்டா, அழுக்குத் துணிக் கூடை, துடைப்பம் யாவும் தரையிலேயே இருந்தன. ஒரு வாளியும் ஒரு சொம்பும் தவிர மற்றவற்றை வெளியேற்றினோம். சோப்பு, எண்ணெய், சீயக்காய் ஆகியவற்றுக்குச் சுவரின் மூலையில் தோள் உயரத்தில் முக்கோணத் தட்டுகள் பொருத்தினோம். குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். துண்டுக்கும் மாற்றுடைக்கும் கதவின் பின்புறம் கொக்கிகள் போதும். வாஷ்பேசினைப் புதிதாக மாற்றுவோர், சுவரில் தொங்கும் மூலை வகையைத் தேர்ந்தால் கால் வைக்க இடம் மிகும்.

மூன்றாவது நிறமும் ஒளியும். அடர்ந்த நிறச் சுவர் ஒளியை விழுங்கி அறையைச் சுருக்கிக் காட்டும். சுவரும் கூரையும் வெண்மையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருப்பின் அறை விரியும். பெரிய அளவு டைல்ஸ் பதித்தால் இணைப்புக் கோடுகள் குறைந்து சுவர் பரந்து தோன்றும். ஆனால் தரைக்கு மட்டும் பளபளப்பானவை ஆகா, சொரசொரப்பானவையே வேண்டும். தரையின் நிறம் சுவரைவிடச் சற்று அடர்ந்திருக்கட்டும். தரையும் சுவரும் கழிப்பறைப் பீடமும் ஒரே வெண்மையாயின், பார்வை மங்கிய மூத்தோருக்கு எது எங்கே முடிகிறது என்று புலப்படாது.

சன்னலுக்கு எதிரே அகலமான கண்ணாடி ஒன்றை மாட்டினால், வெளிச்சம் அதில் பட்டு அறையெங்கும் பரவும். ஒரே விளக்கு இருந்தால் நம் நிழல் நம் காலடியிலேயே விழும். கண்ணாடியின் மேல் மற்றொன்றை அமைத்தால் அது நீங்கும். எக்ஸாஸ்ட் விசிறி ஈரத்தை வெளியேற்றும். ஈரம் உலர்ந்த அறையில் புழுக்கமும் இராது, பாசியும் படியாது.

இவ்வளவு செய்தபின் கிடைத்த இடத்தில் மீண்டும் பொருள்களை நிரப்பிவிடாதீர்கள். அது இரண்டுக்கு உரியது. ஒன்று, அமர்ந்து நீராட வழுக்காத கால்களையுடைய முக்காலி. மற்றொன்று, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடிக் கம்பி. துண்டு போடும் கம்பியைப் பற்றி எழ ஒருபோதும் முயலவேண்டாம். அது நம் எடையைத் தாங்காது.

தமக்கையார் வீட்டில் சுவர் எதையும் இடிக்கவில்லை. தச்சருக்கு ஒரு நாள், குழாய் வேலைக்கும் மின் வேலைக்கும் ஒரு நாள் ஆயிற்று. முதல் வாரம் அவர் கதவைத் தாழிடாமலேயே குளித்தார். பின்னர் ஒரு நாள் நான் சென்றபோது, விடியுமுன் நீராடிய ஈரக் கூந்தலுடன் பூக்கூடையை எடுத்துக்கொண்டிருந்தார். "கோயிலுக்குப் போகிறேன், தம்பி. வந்து பேசுவோம்" என்றார்.

அடுத்த வாரம், மூத்தோர் ஏறி இறங்கும் மாடிப்படிகளைப் பற்றிக் காண்போம்.