நெருக்கடியும் நோய்த் தடுப்புச் சக்தியும்

மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லையில், தாணேக்கு முந்திய ரயில் நிலையமாக அமைந்திருப்பது முலுண்ட். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேக்கு ஓடிய நம் நாட்டின் முதல் பிரயாணிகள் ரயில் இவ்வூரைக் கடந்துதான் சென்றது. இன்று இங்கிருந்து கோட்டைப் பகுதியிலுள்ள அலுவலகங்களுக்குச் செல்வோர் சுமார் 31 கிலோமீட்டர் தூரத்தை நாள்தோறும் இருமுறை கடக்கின்றனர். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் வடக்கே நகர்ந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இவர்களுள் உண்டு. காலை எட்டரை மணிக்கு முலுண்ட் நிலைய மேடையில் நிற்கும் ஒருவரைக் கவனிப்போம். விரைவு வண்டி கல்யாணிலிருந்தே நிரம்பி வருகிறது. வாயிலில் ஒரு காலை வைக்க இடமுண்டா, இல்லையா என்பதை இரண்டு விநாடிகளுக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும்.

அந்த இரண்டு விநாடிகளில் அவருடைய தேகத்தினுள் நிகழ்வது மிகப் பழமையான ஓர் ஏற்பாடாகும். கண்ணும் காதும் தரும் செய்தியை மூளை ஆபத்து எனக் கொண்டவுடன், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு நரம்புகள் வழியாக உத்தரவு போகிறது. அவற்றின் உட்பகுதி அட்ரினலின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைகிறது, கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது, ஜீரண வேலை ஒத்திப் போடப்படுகிறது. சில நிமிடங்கள் கழித்து, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலால், அதே அட்ரினல் சுரப்பியின் மேற்பகுதி கார்ட்டிசால் என்ற இரண்டாவது ஹார்மோனைச் சுரக்கிறது. போரிடவோ ஓடவோ பிராணியை ஆயத்தம் செய்யும் இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் 1915-இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக விளக்கினார்.

இதில் நோய்த் தடுப்புச் சக்திக்கு என்ன பங்கு? நெருக்கடி வந்தாலே தடுப்புச் சக்தி குன்றிவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அவ்வளவு எளிதன்று. குறுகிய நேர நெருக்கடியின்போது, மண்ணீரல் முதலிய இடங்களில் தங்கியிருக்கும் வெள்ளணுக்கள் முதலில் இரத்தத்துக்கு வந்து, பிறகு தோல் போன்ற எல்லைப்புறங்களுக்குச் செல்கின்றன. புலியிடமிருந்து தப்பி ஓடும் மானுக்குக் காயம் படக்கூடும். காயத்தின் வழியே கிருமிகள் நுழையக்கூடும். ஆதலால் காவற்படை முன்கூட்டியே வாயிலுக்கு அனுப்பப்படுகிறது. அரைமணி நேர நெருக்கடி நோய்க்கு வழிகோலுவதில்லை. சில வகைகளில் பாதுகாப்பையே அளிக்கிறது. மானுக்கு அந்த அரைமணியோடு காரியம் முடிந்துவிடுகிறது. முலுண்ட் நிலையத்தில் நிற்பவருக்கோ மாலையில் அதே வண்டி, இரவில் பாக்கி வேலை, மறுநாள் காலையில் மீண்டும் அதே மேடை.

ஓயாத நெருக்கடியின் விளைவை முதன்முதலில் தெளிவாகக் கண்டவர் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செல்யே. 1936-ஆம் ஆண்டு ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்கத்துக்கும் குறைவான கடிதம் ஒன்றை அவர் வெளியிட்டார். குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு, விஷ மருந்து என எலிகளுக்கு எந்தத் துன்பத்தை நேர்வித்தாலும் மூன்று மாறுதல்கள் பொதுவாகத் தோன்றின. அட்ரினல் சுரப்பி பருத்தது. இரைப்பையில் புண் உண்டானது. மார்பெலும்பின் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கிற்று. தைமஸின் வேலை இன்னதென்று அக்காலத்தில் எவரும் அறியார். டி-அணுக்கள் எனப்படும் நிண அணுக்கள் பயிற்சி பெறும் பாசறை அதுவே என்பது 1960-களில்தான் புலனாயிற்று. தடுப்புப் படையின் பள்ளிக்கூடமே சுருங்குவதைச் செல்யே கண்டிருக்கிறார் என்பது, அதன் பிறகுதான் விளங்கியது.

பிற்காலத்தில் செல்யே இந்நிலைக்கு ‘ஸ்ட்ரெஸ்’ எனப் பெயரிட்டார். இதனைத் தமிழில் மன அழுத்தம் என்று வழங்குகின்றனர். எனக்கு இச்சொல்லில் திருப்தியில்லை. மனத்தோடு நின்றுவிடும் ஒரு பலவீனம் என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. ஆகவே இக்கட்டுரையில் நெருக்கடி என்றே குறிப்பிடுகிறேன். கூட்ட நெருக்கடி, பண நெருக்கடி, நேர நெருக்கடி எல்லாம் அதனுள் அடங்கும்.

ஹார்மோன் இரத்தத்தில் வருகிறது. ஆனால் அது சொல்லும் செய்தி அணுவினுள் எவ்வாறு செல்கிறது? இக்கேள்விக்கு விடை காண்பதில் முலுண்டுக்கே ஒரு பங்குண்டு என்பதை இவ்வூர்க்காரர்களுள் பலர் அறியார். அமெரிக்கரான எர்ல் சதர்லாண்ட், அட்ரினலின் அணுவின் உள்ளே நுழைவதில்லை என்றும், வெளிச்சுவரிலுள்ள ஏற்பியைத் தட்டிவிட்டு நிற்கிறது என்றும், உள்ளே வளைய ஏ.எம்.பி. என்னும் சிறு பொருள் உண்டாகித் தூதுவனாகச் செயல்படுகிறது என்றும் கண்டறிந்து, 1971-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தத் தூதுப் பொருளைச் செய்வது அடினைலேட் சைக்ளேஸ் என்னும் என்ஸைம்.

இதே 1970-களில் முலுண்டில் இயங்கிய ஹெக்ஸ்ட் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில், இந்திய மூலிகைகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து வந்தனர். அவர்கள் நாடியது இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மருந்து. துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கிழங்கு வேரிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த பொருள் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. தாவர நூலார் அச்செடிக்கு வழங்கிய கோலியஸ் ஃபோர்ஸ்கோலி என்ற பெயரைத் தழுவி, அப்பொருளுக்கு ஃபோர்ஸ்கோலின் எனப் பெயரிட்டனர். டி சூஸா முதலியோர் அடங்கிய குழு 1977-இல் அதன் அமைப்பை வெளியிட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தாரும் இச்செடியிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் கோலியோனால் என அழைத்தனர். இரண்டும் ஒன்றே எனப் பின்னர் தெளிவாயிற்று. இதே வேரைக் குஜராத்திகள் கர்மர் என்று சொல்லி ஊறுகாய் போடுகின்றனர். முலுண்டில் குஜராத்திக் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன. ஆராய்ச்சிசாலையில் ஆராயப்பட்ட வேர் அயல் வீட்டு ஜாடியிலும் ஊறிக்கொண்டிருந்திருக்கக் கூடும்! தமிழ்நாட்டில் சேலம் வட்டாரத்து விவசாயிகள் இதனை மருந்துக் கூர்க்கன் என்ற பெயரில் பயிரிடுகின்றனர்.

1981-இல் அமெரிக்காவில் சீமன், டேலி முதலியோர் ஃபோர்ஸ்கோலினின் இரகசியத்தைக் கண்டனர். அது வெளிச்சுவரிலுள்ள ஏற்பியைத் தட்டுவதேயில்லை. நேரே என்ஸைமையே தூண்டி, வளைய ஏ.எம்.பி.யைப் பெருக்கிவிடுகிறது. வாயில்மணியை அடிக்காமலே வீட்டினுள் மணியோசை எழுப்பும் கருவி கிடைத்தாற்போல் உலகெங்குமுள்ள ஆராய்ச்சியாளர்கள் இதனைக் கையாளத் தொடங்கினர். நிண அணுக்களில் இதைச் செலுத்திப் பார்த்தபோது, வளைய ஏ.எம்.பி. மிகுந்தவுடன் டி-அணுக்கள் பெருகுவதும், ஒன்றையொன்று அழைக்கும் இரசாயனப் பொருளைச் சுரப்பதும் குறைந்தன. அட்ரினலினுக்குரிய ஏற்பிகள் நிண அணுக்களின் மீதும் இருக்கின்றன. ஆகவே நெருக்கடியின் செய்தி தடுப்புப் படையின் ஒவ்வோர் அணுவுக்கும் போய்ச் சேருவதற்கான வழி இருக்கிறது என்பது பௌதிக உண்மை, கற்பனையன்று.

கார்ட்டிசாலின் கதை வேறு விதமானது. அது வீக்கத்தையும் அழற்சியையும் அடக்குகிறது. அதன் இனமான கார்ட்டிசோனை மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டவர்கள் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் மாதக்கணக்கில் கார்ட்டிசால் மிகுந்து நின்றால், வெள்ளணுக்கள் அதன் குரலுக்குச் செவிடாகிவிடுகின்றன. அப்போது அடங்க வேண்டிய அழற்சி அடங்குவதில்லை. நீடித்த நெருக்கடியில் வாழ்வோரிடம் கிருமியை எதிர்க்கும் திறன் குறைவதும், வேண்டாத அழற்சி கூடுவதும் ஒருங்கே காணப்படுவது இதனால்தான்.

எலியிலும் கண்ணாடிக் குழாயிலும் கண்டது மனிதருக்கும் பொருந்துமா? இங்கிலாந்தில் நடந்த ஒரு பரிசோதனையை ஷெல்டன் கோஹன் குழுவினர் 1991-இல் வெளியிட்டனர். ஆரோக்கியமான 394 தொண்டர்களின் மூக்கில் ஜலதோஷக் கிருமிகள் அடங்கிய துளிகள் விடப்பட்டன. வாழ்வில் நெருக்கடி மிகக் குறைந்தவர்களுள் சுமார் 27 சதவீதத்தினருக்கே ஜலதோஷம் கண்டது. மிக அதிகமானவர்களுள் 47 சதவீதத்தினருக்குக் கண்டது. 1995-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் கீகோல்ட்-கிளேசர் என்ற பெண்மணியும் அவருடைய துணைவர்களும் செய்தது மேலும் சிந்திக்கத் தக்கது. நினைவிழந்த முதியோரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அத்தகைய பொறுப்பில்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவான சிறு காயம் உண்டாக்கினர். பராமரிக்கும் பெண்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாள் அதிகம் பிடித்தது. நம் வீடுகளில் மாமியாரையோ தாயாரையோ ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இச்செய்தி புதிதாக இராது.

2015-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி முலுண்ட் பிரயாணிக்கு நேரடியாக உரியது. 164 பேருடைய தூக்கத்தை ஒரு வாரம் மணிக்கட்டுக் கருவியால் அளந்து, பிறகு மூக்கில் கிருமித் துளி இட்டனர். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைக் காட்டிலும், ஆறு மணிக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு ஜலதோஷம் காணும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேலாயிருந்தது.

இவற்றை அறிந்த பிறகு நாம் செய்ய வேண்டியது என்ன என்பதில்தான் என் கருத்து பலருடைய கருத்தினின்றும் வேறுபடுகிறது. 2020-இல் கொரோனா தொற்று பரவியது முதல், தடுப்புச் சக்தியை ஊக்குவிப்பதாகச் சொல்லும் பொடிகளும் லேகியங்களும் மாத்திரைகளும் கடைதோறும் குவிந்தன. தடுப்புச் சக்தி என்பது தண்ணீர்த் தொட்டியன்று, மேலும் இரண்டு குடம் ஊற்றி நிரப்புவதற்கு. அழற்சி கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய். முலுண்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஃபோர்ஸ்கோலினையே இன்று உடல் இளைப்பதற்கென்று குப்பியில் அடைத்து விற்கின்றனர். அணுவின் உள்ளே நடப்பதை அறிவதற்கு ஒப்பற்ற கருவியாக விளங்கிய பொருளுக்கு இக்கதி நேர்ந்தது வருந்தத் தக்கதே. குறிப்பிட்ட நோய்க்கெதிராகத் தடுப்புச் சக்தியை வளர்க்க நிரூபிக்கப்பட்ட முறை தடுப்பூசி ஒன்றுதான்.

மற்றொரு தவறு இதனினும் கொடியது. நோயாளியைப் பார்த்து, ‘நீ கவலைப்பட்டதால்தான் இது வந்தது’ என்று சொல்லும் வழக்கம் பெருகி வருகிறது. மேலே கண்ட ஆராய்ச்சிகளையே இதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர். அவை அப்படிச் சொல்லவில்லை. நெருக்கடி மிக அதிகமானவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஜலதோஷமே வரவில்லை என்பதையும் அதே கணக்குத்தான் காட்டுகிறது.

இவ்விஷயத்தில் சென்னை நமக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. க்ஷயரோகிக்கு மன நிம்மதியும் ஓய்வும் நல்ல உணவும் நல்ல காற்றும் இன்றிக் குணமில்லை என்பது 1950-கள் வரை உலகெங்கும் நிலவிய நம்பிக்கை. சானடோரியங்கள் எழுந்ததும் அதனால்தான். 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் போஷாக்கான உணவும் பெற்றனர். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, அற்ப உணவோடும் அன்றாடத் தொல்லைகளோடும் வாழ்ந்துகொண்டு மருந்து உட்கொண்டனர். இரு சாராருக்கும் கொடுக்கப்பட்ட மருந்து ஒன்றே. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு உலக நாடுகளின் க்ஷயரோகச் சிகிச்சை முறையையே மாற்றிவிட்டது. வீட்டிலிருந்த நோயாளிகளுக்குக் கவலை குறைவாக இருந்திருக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மருந்து முறையாகக் கிடைத்தது, குணமாயினர். இருமலோடு வருபவரிடம் கவலையை விடு என்று உபதேசித்து அனுப்புவதற்கு முன், அவருடைய சளியைப் பரிசோதிப்பதே வைத்தியரின் கடமை.

அப்படியாயின் நெருக்கடியைப் பற்றி ஒன்றும் செய்ய வேண்டியதில்லையா? உண்டு, ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் பெரும்பாலும் பிரயாணி அல்லர். தியானமும் தேகாப்பியாசமும் நல்லவையே. அவற்றை நான் குறை கூறவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து இரவு பதினொன்றரைக்குப் படுப்பவரிடம், ஐந்து மணிக்கே எழுந்து தியானம் செய்யுமாறு கூறினால், தூக்கத்தில் மேலும் அரைமணி பறிபோவதுதான் மிச்சம். மும்பையின் அலுவலகங்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடுகின்றன. இதனை மாற்றி அமைக்குமாறு மத்திய ரயில்வே 2023-இல் அலுவலகங்களைக் கேட்டுக்கொண்டது. கூட்டத்தைக் குறைப்பதே அவர்கள் நோக்கம். சுகாதாரத் துறையினரும் இக்கோரிக்கையில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆட்களில் ஒரு பகுதியினர் காலை எட்டுக்கும் மற்றொரு பகுதியினர் பதினொன்றுக்கும் வேலையைத் தொடங்குமாறு ஏற்பாடு செய்ய, புதிய இருப்புப்பாதை வேண்டாம், மருந்தும் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். அவ்வாறு திருத்திய அலுவலகம் ஒன்றில், ஆறு மாதத்துக்கு முன்னும் பின்னும் ஊழியர்களின் தூக்க நேரத்தையும், நோய் விடுப்பு நாட்களையும், இன்ஃபுளுவென்சா தடுப்பூசிக்குப் பின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளின் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கடினமன்று. இதற்கு வேண்டிய ஆராய்ச்சிசாலைகளும் விஞ்ஞானிகளும் மும்பையிலேயே இருக்கின்றனர். ரயில்வேயே தன் அலுவலகங்களில் ஒன்றை முதலில் அளிக்கலாம்.